வெயிலும் நீர்க்கடுப்பும்

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போகிறார்கள் என்று கேட்பதைவிட, வேலை முடிந்து திரும்பும்போது பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்பது நல்லது. பாதிகூடக் காலியாகாமல் வீடு திரும்பும் நாட்கள் உண்டு. தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டியிருக்கும், ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வரப்பு, நடுநடுவே வெள்ளை வெளேர் என்று உப்பு அம்பாரம். மரம் கிடையாது, புதர் கிடையாது, மறைவு என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். பெண்கள் வாயைக் கட்டுகிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாகப் போகும், எரியும். உடம்பு சூடு என்று இரண்டு நுங்கு, ஒரு செம்பு மோர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர். மறுநாள் மறுபடியும் அதே பாத்தி. ‘கோடை வந்தால் நீர்க்கடுப்பு வரத்தான் செய்யும்’ என்று ஊரே அதைச் சளி, தும்மல் கணக்கில் சேர்த்துவிட்டது.

பருவநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலையும் ஒல்லியான பனிக்கரடியும்தான் இன்னும் படமாக வருகின்றன. தமிழ்நாட்டில் பனிமலையும் இல்லை, கரடி இருந்தாலும் அது கறுப்புக் கரடி. இங்கே அந்தப் பெரிய சொல் வந்து இறங்கும் இடம் மனித உடம்பு. அதிலும் குறிப்பாகச் சிறுநீரகம், இதயம், கருப்பை.

தமிழில் வெயிலுக்குச் சொற்பஞ்சம் இல்லை. அனல், வெக்கை, காங்கை, வேக்காடு, புழுக்கம், இறுக்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான வாதை. இதில் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாட்டிமார் சரியாகவே பிடித்து வைத்திருந்தார்கள். வெக்கையில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். புழுக்கத்தில் வியர்வை காயாது, சட்டையோடு ஒட்டிக்கொண்டு வழியும். உடம்புக்கு எது மோசம் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதுதான். தொலைக்காட்சிச் செய்தியில் மட்டும் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். ‘இன்று அதிகபட்சமாக இத்தனை டிகிரி’ என்று ஒரே ஓர் எண், கூடவே இளநீர்க் கடைக் காட்சி.

மனித உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. அதுவும் வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. தண்ணீரும் உப்பும் வீணாக இறங்கும், உடம்பு மட்டும் குளிராது.

இதை அளக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைப்பது. துணியிலிருந்து நீர் ஆவியாகும் அளவுக்கு வெப்பமானி இறங்கும். 40 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்மாவட்டத்து மதியத்தில் ஈர வெப்பமானி 24 டிகிரியை ஒட்டிக் காட்டும். 34 டிகிரிதான், ஆனால் 70 சதவீத ஈரப்பதம் என்றால் அதே ஈர வெப்பமானி 29 டிகிரியில் நிற்கும். செய்தியில் முதலாவதுதான் தலைப்பு. உடம்புக்கு இரண்டாவதுதான் தண்டனை.

ஈர வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அது ஏட்டுக் கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெப்ப அறைக்குள் வைத்து லேசான வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வந்தது. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்களுக்கே ஈரம் மிகுந்த காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பின் உள்வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏற ஆரம்பித்துவிட்டது. உப்புச் சட்டியைத் தலையில் சுமக்கும் 50 வயதுப் பெண்ணை யாரும் அந்த அறைக்குள் வைத்துப் பார்க்கவில்லை.

வெயிலில் வேலை செய்பவருக்கு ஈரப்பதம் மட்டும் கணக்கல்ல, தலைக்கு மேல் அடிக்கும் சூரியனும் உண்டு. இதைச் சேர்த்து அளக்கும் முறை பிறந்தது ராணுவத்தில். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பாரிஸ் தீவு என்று ஒரு மரைன் படைவீரர் பயிற்சி முகாம். 1950களில் அங்கே புதிதாகச் சேர்ந்த பையன்கள் அணிவகுப்பில் வெயிலடித்துச் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் ஒரு புது அளவைக் கண்டுபிடித்தார்கள். ஈர வெப்பமானிக்கு 10இல் 7 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உலோக உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 2 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு 1 பங்கு. நாம் தினமும் செய்தியில் கேட்கும் அந்த டிகிரிக்கு இந்தக் கூட்டணியில் பத்தில் ஒரு பங்கு மரியாதைதான்! ஓரளவு உடலுழைப்பு உள்ள வேலையைத் தொடர்ந்து செய்ய இந்த அளவையில் 28 டிகிரிதான் வரம்பு என்று தொழில் சுகாதார வழிகாட்டிகள் சொல்கின்றன.

உப்பளத்தில் அந்தக் கறுப்பு உருண்டைக்கு இரட்டை வேலை. வெயில் மேலிருந்து அடிக்கிறது, பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பு கீழிருந்து திருப்பி அடிக்கிறது. காலடியில் இருக்கும் உப்புநீரும் சுடுகிறது. கண் கூசிக் கூசி, நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி, உப்பளத்துக்காரர்களை முகத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்பே பலர் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்ற வேண்டும், சட்டியில் அள்ளி அம்பாரத்துக்குச் சுமக்க வேண்டும். உப்பு நன்றாக விளைய வேண்டுமானால் வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டும், காற்று வீச வேண்டும். தன் உடம்பைச் சுடும் வெயிலையே நல்ல வெயில் என்று சொல்லிப் பிழைக்க வேண்டிய தொழில்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட வேலையிடங்களுக்குப் போய் வெப்பத்தை அளந்துவருகிறது. உப்பளங்களில் 2017க்கும் 2020க்கும் இடையில் ஏழு இடங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நீர்க்கடுப்பு என்று மோர் குடித்துச் சமாளித்ததற்குப் பின்னால் இப்படி ஒன்று ஒளிந்திருக்கலாம் என்பது பாத்தியில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே நடப்பது இதுதான். வெயிலில் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வெப்பத்தை வெளியே தள்ள. கை கால் தசைகளும் வேலைக்காக ரத்தம் கேட்கின்றன. இரண்டுக்கும் கொடுக்க இதயம் வேகமாக அடிக்கிறது, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் பங்கைக் குறைக்கிறது. வியர்வையில் மணிக்கு ஒரு லிட்டர்வரை தண்ணீர் இறங்குகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் ரத்தம் சுண்டுகிறது. சிறுநீரகமோ இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கப் பாடுபட்டுச் சிறுநீரை அடர்த்தியாக்குகிறது. ஒரு நாள் இப்படி என்றால் ராத்திரி தண்ணீர் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும். மாதத்தில் 25 நாள், வருடத்தில் ஏழெட்டு மாதம், 20 வருடம் என்றால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தழும்பு விழுகிறது. வலிக்காது. பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகுதான் கால் வீங்கும்.

இதை உலகம் முதலில் கவனித்தது மத்திய அமெரிக்காவில். 1990களின் கடைசியில் எல் சால்வடோர் நாட்டு மருத்துவமனைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. பெரும்பாலும் இளம் ஆண்கள், கரும்பு வெட்டுபவர்கள். அதே மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் சிச்சிகல்பா என்ற கரும்பு ஊரில் ஆண்கள் வரிசையாகச் செத்து, அதை ஒட்டிய ஒரு குடியிருப்புக்கே விதவைகளின் தீவு என்று பெயர் விழுந்துவிட்டது. வெட்டும் கரும்புக்கு எடைபோட்டுக் கூலி. எவ்வளவு வெட்டினோமோ அவ்வளவு காசு. தண்ணீர் குடிக்கப் போகும் ஐந்து நிமிடமும் கூலியில் கழியும்.

வைத்தியம் என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. தண்ணீர், நிழல், ஓய்வு. வேலை நடக்கும் இடத்துக்கே நகர்த்திக் கொண்டுபோகக்கூடிய கூடாரம், அதில் உட்கார இடம், குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும், மணிக்கு ஒரு தடவை கட்டாய இடைவேளை. நிகராகுவாவில் பெரிய ஆலை ஒன்று இதைச் செய்து பார்த்தது. ஓய்வைக் கூட்டக் கூட்ட, அறுவடைக் காலத்தில் தொழிலாளிகளுக்கு ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதில் முக்கியமானது ‘கட்டாய’ என்ற சொல். வேண்டியவர் ஓய்வெடுக்கலாம் என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், காசு போய்விடும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், மதவாச்சி, பதவியா பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியில் தென்னை, முந்திரித் தோப்புக்காரர்களிடமும் இதே போன்ற காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. அங்கெல்லாம் வெயில்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிமருந்து, கனஉலோகம் என்று ஆளுக்கொரு சந்தேகம், சண்டை இன்னும் ஓயவில்லை. வெயில் தனியாகவே கொல்கிறதா, ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்தைக் கடைசியாகத் தள்ளிவிடுகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறலாம். தமிழ்நாட்டிலும் 2023இல் 3,000க்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, காட்டு வேலை மட்டும் இருந்தது.

கூடவே ஒன்று. வெயிலில் களைத்தவர் கடையில் பத்து ரூபாய்க் கலர் பாட்டில் வாங்கிக் குடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் வற்றிய உடம்புக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பு கூடுகிறது என்று எலிகளை வைத்து நடத்திய சோதனைகள் சொல்கின்றன. மனிதருக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு. பழையசோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பிய தலைமுறை ஒன்றும் ஏமாளி இல்லை.

கர்ப்பிணிகள் கதை இன்னும் கவலைக்குரியது. வயிற்றில் குழந்தை இருக்கும் உடம்பு தானே கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. தோலுக்கு ரத்தத்தைத் திருப்ப வேண்டிவந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைய வாய்ப்பு உண்டு. அதே ஸ்ரீ ராமச்சந்திரா குழு 2017 தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் ஓரளவு குளிர்ச்சியான இடங்களில் வேலை பார்த்தவர்கள். 2024இல் வெளியான முடிவின்படி, வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு.

சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று விடுப்பு கிடையாது. குடும்பமாக முன்பணம் வாங்கியிருப்பார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கரு கலைந்தால் ‘அவளுக்கு உடம்பு சூடு, தங்கவில்லை’ என்பார்கள். ஊர் அறியாமல் சொன்ன அந்தச் சூடு என்ற சொல்லில் இருக்கும் பாதி உண்மை ஆராய்ச்சியாளர்களுக்குச் சிக்கியதற்கு இத்தனை காலமாயிற்று. மீதிப் பாதி பொய்: சூடு அவள் உடம்பிலிருந்து வரவில்லை, சூளையிலிருந்து வந்தது.

வெயில் எப்போதும் இருந்ததுதானே, அக்னி நட்சத்திரம் நேற்று வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம். சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது, அதை இன்றுவரை எந்த வருடமும் முந்தவில்லை. மாறியிருப்பது உச்சம் அல்ல, அடித்தளம். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. 1901இல் பதிவு தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024. நம்மைச் சுற்றியிருக்கும் இந்தியப் பெருங்கடல் 1951க்கும் 2015க்கும் இடையில் ஒரு டிகிரி சூடாகிவிட்டது. கடல் சூடானால் காற்றில் ஈரம் கூடும். ஒரு டிகிரி சூடான காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதாவது வெக்கையோடு புழுக்கமும் ஏறுகிறது. உச்சிவேளை எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது கண்ணில் படாது.

ராத்திரியில் படும். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைக் காங்கிரீட் கூரை இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குள் இறக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மின்விசிறி அந்த அனலை அள்ளி முகத்தில் வீசும். பகலில் அடிபட்ட இதயமும் சிறுநீரகமும் சரிப்படுத்திக்கொள்ளும் நேரம் இரவு. அந்த நேரத்தையும் வெப்பம் பிடுங்கிக்கொண்டால் மறுநாள் வேலைக்குப் போகிறவர் நேற்றைய கடனோடு போகிறார். வயதானவர்கள் பாடு இன்னும் சிக்கல். கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர்பிரி மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும். கோடையில் அதன் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. மார்ச் மாதமே கேட்டுவிடுவது நல்லது, தாமாக நிறுத்துவது ஆபத்து.

கூரை விஷயத்தில் அகமதாபாத் ஒரு பாடம் படித்தது. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்பது பிறகு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டியபோது தெரிந்தது. அந்த நாட்களில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகள் காய்ச்சலோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபடி இருந்தார்கள். கிருமித் தொற்று எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் பிரசவ வார்டு கட்டடத்தின் உச்சி மாடியில், வெயில் வாங்கும் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் வந்து சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்த கோடையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை, மாடி இறங்கியது மட்டும்தான்.

அந்த நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுவே முதல். முன்கூட்டியே நிறக் குறியீட்டு எச்சரிக்கை, மருத்துவமனைகளில் ஐஸ் கட்டியும் படுக்கையும் தயார், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. இன்றைக்குக் குளிர்கூரை என்று பெயர் சூட்டி அரசாணை போடுவதைத்தான் நம்மூரில் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து முடித்துக்கொண்டிருந்தோம். இடையில் டிஸ்டெம்பர் வந்து கெடுத்தது.

வெயில் ஒரே மாதிரி அடித்தாலும் ஒரே மாதிரி கொல்வதில்லை என்பதற்கு உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஊர் சிகாகோ. 1995 ஜூலையில் ஒரே வாரத்தில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிணவறை நிரம்பிக் குளிரூட்டிய லாரிகளை வரவழைத்தார்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பேட்டைகளை எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் ஏழைகள், தனியாக வாழும் முதியவர்கள். ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போலப் பத்து மடங்கு. அதிகம் செத்த பேட்டையில் கடைகள் மூடிக் கிடந்தன, தெரு வெறிச்சோடியிருந்தது, பயத்தில் முதியவர்கள் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மற்ற பேட்டையில் தெருவெங்கும் கடை, சனநடமாட்டம். கிழவர் கிழவியர் காற்று வாங்க வெளியே வந்தார்கள், ஒரு நாள் காணவில்லை என்றால் யாராவது கதவைத் தட்டினார்கள். திண்ணை இருந்த தெருவுக்கும் திண்ணையை இடித்துக் கார் நிறுத்திய தெருவுக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு, தாமதமானாலும். சிக்கல் அந்த ‘வெப்பத்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து ராத்திரி நெஞ்சு அடைத்துச் செத்தவருக்குச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். அது பொய்யும் இல்லை. சிறுநீரகம் செத்து டயாலிசிஸில் கிடந்து போனவரின் தாளில் சிறுநீரகச் செயலிழப்பு என்றிருக்கும். நடுரோட்டில், நட்டநடு மதியத்தில், வெப்பமானியோடு யாராவது பக்கத்தில் நின்றால்தான் வெயில் சாவு என்று நிரூபிக்க முடியும்போல. அகமதாபாத்தின் 1,344 என்ற எண்ணும் சான்றிதழ்களிலிருந்து வந்ததில்லை. மற்ற வருடங்களின் மே மாதத்தோடு மொத்தச் சாவுகளை ஒப்பிட்டுக் கழித்தபோது வந்தது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு கோடை முடிந்ததும் அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு வெளியிட்டால் போதும், 4 லட்சம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் பாதித் தகராறு தீரும்.

பேரிடர் என்ற சொல்லோடு இன்னொரு தொல்லையும் வருகிறது. வெள்ளம் மாதிரி, புயல் மாதிரி ஐந்து நாள் வந்து போகும் ஒன்று என்று நினைக்க வைக்கிறது. வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கப் பொதுவாகச் சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் 37 டிகிரி வேண்டும், வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். உப்பளத்துப் பெண்ணின் சிறுநீரகம் இந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை. 35 டிகிரி அடிக்கும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் அதற்கு ஒரு பேரிடர்தான்.

கேரளத்தில் கோடை தொடங்கியதும் மதியம் 12 முதல் 3 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆணை போடுகிறது. கத்தாரில் 2021 முதல் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் பாதிவரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரைவரை வெளிவேலைக்குத் தடை. நம்மூர் ஆட்களும் நேபாளத்து ஆட்களும் அங்கே விழுந்து செத்த பிறகு வந்த சட்டம். இப்படிப்பட்ட தடைகள் வேண்டும்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் கொடுப்பது என்று எழுதாத ஆணை பாதி ஆணை. தினக்கூலிக்கும் துண்டுக் கூலிக்கும் வேலை செய்பவர் மதியம் விட்ட வேலையைச் சாயங்காலம் இருட்டுவரை இழுத்து முடிப்பார், இல்லையென்றால் சம்பளத்தில் விடுவார். உடம்பா, கூலியா என்று கேட்டால் இருவரில் எவரும் உடம்பைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. வெப்பத்தால் 2030இல் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், அதாவது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. அந்த நட்டம் யார் மடியில் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை என்பதால் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. வேலை இல்லாத மாதத்துக்கு உதவி உண்டு. வேலை இருக்கும் மாதத்தில்தான் சிறுநீரகம் போகிறது. பாத்திக்கு நடந்துபோகும் தூரத்தில் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை, நாலு கம்பும் கீற்றும் வைத்து ஒரு நிழல், வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலத்துக்கு இது முடியாத காரியமா?

உப்பளம் பலருக்குத் தொலைவு. ஆனால் வரும் சித்திரையில் உங்கள் தெருவிலும் கேபிள் பதிக்கக் குழி வெட்டுவார்கள், பக்கத்து மனையில் கம்பி கட்டுவார்கள், அந்த ஆட்களில் நாலைந்து பெண்களும் இருப்பார்கள். ஒரு செம்பு தண்ணீர் கேட்டால் நம்மூரில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் அவர்கள் கேட்கத் தயங்கும் இன்னொன்று இருக்கிறது. தண்ணீரைக் கொடுக்கும்போதே வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிப்பறையின் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.